பகலில் தூங்கக் கட்டிய வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் எங்கள் ஏரிக்கரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருப்பீர்கள். மீதிப் பேர் தூங்க வந்திருப்பீர்கள். அக்காவுக்கு இரண்டாவது வகையினரைத்தான் அதிகம் பிடிக்கும். விருந்தாளி என்றால் காபி போட வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், இன்னும் ரெண்டு இட்லி என்று கெஞ்ச வேண்டும். தூங்க வருகிறவர்களுக்கு ஒரு தலையணை போதும் என்பார். அவர் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

அக்கா பிறந்தது வடக்குப்பட்டில். அவர் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அப்பா காலமானார். பரீட்சை முடிவு வந்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் அப்போது ஏழாவது. என் படிப்பு, அம்மாவின் கண் ஆபரேஷன், ஒரகடத்தில் நான் இன்று முதலாளி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹார்டுவேர் கடை, எல்லாம் அக்கா நின்றுகொண்டே சம்பாதித்துக் கொடுத்தவை. அந்த லைனில் உட்கார நாற்காலி கிடையாது. திருமணம் அமையவில்லை. அதைப் பற்றிய வருத்தம் எங்களுக்குத்தான் இருந்தது, அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராத்திரி வேலையைக்கூடப் பார்த்துவிடலாம், காலையில் வீட்டுக்கு வந்து தூங்குவதுதான் பெரும்பாடு. வல்லம் பக்கம் அப்போது ஒரே அறையும் ஷீட் கூரையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் கூரை காய்ந்துவிடும். இந்தப் பக்கம் மிக்சி, அந்தப் பக்கம் டிவி, நடுவில் நான் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருப்பேன். அக்கா ஈரத் துண்டை மேலே போர்த்திக்கொண்டு புரளுவார். துண்டு காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைத்துக்கொண்டு வந்து படுப்பார். ஒரு தடவை கம்பெனி பஸ்ஸில் தூங்கிப்போய், எங்கள் நிறுத்தம் தாண்டி, பஸ் ஷெட்டுக்கே போய்விட்டார். டிரைவர் கதவைப் பூட்டும்போதுதான் பார்த்திருக்கிறார். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த மாதம் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. மெஷின் முன்னால் நின்றபடியே அக்கா கண் அசந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரல்கள் போயிருக்கும்.

அன்று காலை வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வூடுன்னு ஒண்ணு கட்னா, பகல்ல தூங்கறதுக்குத்தாம்மா கட்டணும். மத்ததெல்லாம் அப்பறம்."

சொன்னதைச் செய்ய அக்காவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் படித்து முடித்துக் கடையும் வைத்துவிட்டேன். மனை பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். புரோக்கர் எல்லாருக்கும் காட்டுவதுபோல் ரோட்டோர மனைகளைக் காட்டினார். அக்கா பிள்ளைப்பாக்கத்தில் ஏரியை ஒட்டி, யாரும் கேட்காமல் கிடந்த மனையைக் கேட்டார். பட்டா நிலம்தான், ஏரி எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் அக்கா பேச்சையே தொடங்கினார் என்பதை, இன்னமும் சந்தேகப்படும் சொந்தக்காரர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். ஆனால் முடிவு செய்த விதம்தான் வேடிக்கை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல், பகல் பதினோரு மணிக்கு மனைக்கு வந்தார். அங்கிருந்த வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்தவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். நானும் புரோக்கரும் ஒன்றரை மணி நேரம் பைக் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"தம்பி, மனைய அளந்து பாக்கறவங்களப் பாத்துகீறன், மண்ண எடுத்து மோந்து பாக்கறவங்களப் பாத்துகீறன். படுத்துப் பாக்கறவங்கள இப்பத்தான் பாக்கறன்" என்றார் புரோக்கர்.

அக்கா எழுந்து தலையில் ஒட்டிய வேப்பிலையைத் தட்டிவிட்டு, "இத்தயே முடிச்சிடலாம்டா" என்றார்.

கட்டும்போதும் அதே பிடிவாதம்தான். எங்களுக்குத் தெற்கே ஏரி, வடக்கே ரோடு. சமையலறையை ரோட்டுப் பக்கம் வைத்தார், பாத்திரச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று. அக்னி மூலையை விட்டுவிட்டாயே என்று வாஸ்து பேசியவர்களுக்கு, "அக்னிய நைட்டெல்லாம் கம்பெனில பாத்துட்டுத்தான் வர்றேன்" என்று பதில் வந்தது. தூங்கும் அறை ஏரிப் பக்கம். அதன் ஜன்னலைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வைக்கச் சொன்னபோது மேஸ்திரி ஏழுமலை அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஜன்னலா, படிக்கட்டா?"

"நின்னுக்கினு ஏரியப் பாக்கறதுக்கு இல்லண்ணா. படுத்துக்கினு காத்து வாங்கறதுக்கு."

அந்த ஜன்னலுக்கும் ஏரிக்கும் நடுவே மனையில் பாதியைக் காலியாக விட்டார். எனக்கும் அவருக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை அந்தக் காலி இடத்தால்தான். கம்பெனி ஆட்கள் வாடகைக்கு அறை கிடைக்காமல் அலைகிற ஊர் இது. நான் ஹார்டுவேர் கடைக்காரன், சிமெண்டும் கம்பியும் என் கையில். வரிசையாக ஆறு அறை போட்டுவிடலாம் என்று பிளான் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா பிளானை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அது காத்து வர்ற வழிடா. அத்த அடச்சிட்டா இந்த வூட்டுக்கும் பழைய ஷீட்டு வூட்டுக்கும் இன்னாடா வித்தியாசம்?" என்றார். பிழைக்கத் தெரியாதவர் என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ராத்திரியும் அவருக்கு நைட் ஷிப்ட். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. காலையில் வந்ததும் குளித்துவிட்டு, பால் காய்ச்சி, எல்லார் காலிலும் விழுந்து கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன் என்று உள்ளே போனவர் பந்தி முடியும் வரை வரவில்லை. எங்கள் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா இது, வூட்டுக்காரியே இல்லாம ஒரு விசேஷம்" என்று எழுப்பப் போனார். போனவரும் திரும்பவில்லை. நாலு மணிக்கு இருவரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள். "இன்னா காத்துடா அது" என்றார் அத்தை. அம்மா அந்தக் காற்றில் ஆறு வருடம் இருந்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஏரிக்கரை வீடு என்றதும் புகைப்படத்தில் பார்ப்பதுபோல் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொசு உண்டு, அதற்கு ஜன்னலில் வலை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தவளைகள் காது கிழியக் கத்தும். ஒருநாள் தண்ணீர்ப் பாம்பு ஜன்னல் கட்டையில் சுருண்டு கிடந்தது. என் மனைவி அலற, அக்கா கண்ணைப் பாதி திறந்து, "வுடு, அதுவும் நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்துகீது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் பகலிலேயே போர்வை தேடும். சித்திரையில் தண்ணீர் நடுவே சுருங்கிவிடும், மாடுகள் ஏரிக்குள் மேயும், காற்றில் சேற்று வாசனை வரும். ஆனாலும் காற்று நின்றதில்லை. நீர்க்கோழிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது, குக்கர் விசில் கெடுக்கும். அதனால் வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பகல் இரண்டு மணிக்கு முன்னால் குக்கர் வைக்கக் கூடாது, தூங்குகிறவர்களை யாரும் எழுப்பக் கூடாது. புது வீட்டில் என் மனைவிக்கு மாமியார் சொன்ன முதல் புத்திமதியே இதுதான்.

பிறகு அக்கா ஆள் சேர்க்க ஆரம்பித்தார். முதலில் வந்தவர் மாரீஸ்வரி, தென்காசிப் பக்கத்துப் பெண், அக்காவின் லைனில் வேலை செய்பவர். ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேர், மூன்று ஷிப்டும் கலந்து. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விளக்கைப் போட்டுத் தலை வாருவார். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை முட்டத் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை அக்கா கையோடு இறக்கிக் கூட்டி வந்துவிட்டார். அந்தப் பெண் அன்று ஏழு மணி நேரம் தூங்கினார். எழுந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் அழுதார். அதன்பின் இருவர், மூவர் என்று வந்தார்கள். சில வாரம் ஐந்து பாய்கூட விரித்திருக்கும். தூங்குமூஞ்சிச் சத்திரம் என்று நான் கேலி செய்வேன். அக்கா வாயில் விரலை வைத்து, மெதுவாகப் பேசச் சொல்லுவார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் டியூப் லைட்டுக்குக் கீழே அவருக்குத் தூக்கம் வரவில்லை. "வலிய தாங்கிக்கலாம்டா. தூங்கறதுக்கு என்ன வூட்டுக்குக் கூட்டினு போ" என்றார். கூட்டி வந்தோம். கடைசி இருபது நாளும் ஏரிப் பக்க அறையில்தான் இருந்தார். ஏரி நிறைந்திருந்தது. நன்றாகத் தூங்கினார்.

போன அன்றும் காலையில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் படுத்தார். வீட்டுச் சட்டப்படி யாரும் எழுப்பவில்லை. என் மனைவி கதவருகே நடக்கும்போது கொலுசைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மணிக்குக் குக்கர் விசில் அடித்தது. அக்கா எழவில்லை. எப்போது போனார் என்று எங்களுக்குத் தெரியாது. தூங்கட்டும் என்று வெளியே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

இனி வருவது என் தப்பு. அக்கா போன நாலாவது மாதம் அந்தப் பழைய பிளானை எடுத்தேன். பகலில் தூங்கிய ஆளே இல்லை, இனி அந்த இடம் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். தூங்க வந்த பெண்களும் எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு லாரி ஹாலோ பிளாக் கல் இறங்கியது. டிரைவர் அதை ஜன்னலுக்கு நேராக, நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழரைக்கு மாரீஸ்வரி வாசலில் நின்றார். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை, கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அக்கா ரூம்ல செத்த நேரம் படுத்துக்கிடட்டுமா? மூணு நாளாத் தூக்கமே இல்லண்ணே. கண்ணு கட்டுது."

படுத்துக்கோம்மா என்றேன். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "காத்து வரலண்ணே. பரவால்ல, நான் ஹாஸ்டலுக்கே போய்க்கிடுதேன்" என்று செருப்பை மாட்டினார்.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவள் என்னிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு இன்னிக்கு நைட்டு போய் மெஷின்ல கைய வெக்கணும். தெரியுமில்ல?" என்றாள்.

நான் உள்ளே போய் அக்கா படுக்கிற இடத்தில் படுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணுக்கு நேரே சாம்பல் நிறக் கல் அடுக்கு. எங்கள் பழைய ஷீட்டு வீட்டின் புழுக்கம் அப்படியே இருந்தது. எழுந்து போய் மாரீஸ்வரியை நிறுத்தி, மேஸ்திரிக்குப் போன் போட்டேன். ஏழுமலை அண்ணன் லாரியோடு வந்தார். எடுக்க வேண்டிய கல்லைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "உங்கக்காவே கூப்ட்டாப்ல கீது தம்பி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் சுமந்தேன். பதினோரு மணிக்குக் கடைசி வரிசை போனதும் வலை உள்பக்கம் உப்பியது. காற்று வந்துவிட்டது. மாரீஸ்வரி ஐந்து மணி வரை தூங்கினார்.

அந்த இடத்தில் இனி எதுவும் கட்டப்போவதில்லை. குடும்பத்தார் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்று இந்த மலர் வழியாகவே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவைக் கடைசி வரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்கள் வாசலில் மட்டும் ஹாரன் அடிக்காமல் நிறுத்திய கம்பெனி பஸ் டிரைவர்களுக்கும், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கரை எங்கள் வீட்டைப் பார்க்காமல் திருப்பிக் கட்டிய தெருவாருக்கும், கொடுத்த கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிளாக் கம்பெனிக்காரருக்கும், ஏழுமலை அண்ணனுக்கும் எங்கள் நன்றி. லைனில் அன்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்த பெண்ணின் பெயரை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் எங்கிருந்தாலும் அவருக்கும்.

இன்றைய சாப்பாடு இரண்டரை மணிக்கு. குக்கர் ஏன் இன்னும் வைக்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருப்பவர்களுக்கு ஏரிப் பக்க அறையில் பாய் விரித்திருக்கிறது. இன்று மட்டுமில்லை, என்றைக்கும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். யாரும் எழுப்ப மாட்டோம். ஆனால் சட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மணிக்கு ஒரு தடவை என் மனைவியோ நானோ மெதுவாகக் கதவைத் திறந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவோம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.