வேரோடு விழுந்த பால்பற்கள்

முதலில் வந்தது வலி அல்ல, வாடை.

என் மகள் வைஷ்ணவிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. காலையில் கண் விழித்ததும் என் முகத்தோடு முகத்தை ஒட்டிக்கொள்வாள். ஒரு நாள் அவள் வாயிலிருந்து வந்த வாடைக்கு நான் என்னையறியாமல் தலையைத் திருப்பினேன். இரவில் சரியாகப் பல் தேய்த்துவிடவில்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன். அன்று முதல் கூடுதல் கவனத்தோடு தேய்த்துவிட்டேன். பிரஷ்ஷில் இரத்தம் ஒட்டியது. அழுத்தித் தேய்க்கிறேனோ என்று இன்னும் மெல்லிய பிரஷ் வாங்கினேன். அதிலும் ஒட்டியது.

சில வாரங்களில் முன்பல் ஒன்று விழுந்தது. வலியசாலையில் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தவள், கல் என்று நினைத்து அதைத் துப்பினாள்.

"மூணு வயசுல எங்கயாச்சும் பல்லு விழுமா அத்தை?"

"இவளுக்கு முந்தியே முளைச்சுதுல்லா, அதான் முந்தியே விழுது. நீ ஒருத்தி, எல்லாத்துக்கும் பேடிச்சுக்கிட்டே இரு."

அத்தை என் அப்பாவின் அக்கா; என் கணவரின் அம்மா. அத்தை மகனைத்தான் நான் திருமணம் செய்துகொண்டேன். அவருக்கு ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடை. எங்கள் குடும்பத்தில் இப்படிப்பட்ட திருமணம் புதிதல்ல என்பதால் அதைப் பற்றி யாரும் இரண்டாம் முறை யோசித்ததில்லை.

விழுந்த பல்லைக் கழுவிப் பார்த்தேன். நீளமான வேர் முழுசாக இருந்தது. உடையாமல் விழுந்ததே என்று நிம்மதியடைந்தேன். பால்பல் விழும்போது வேர் கரைந்து போயிருக்க வேண்டும், அடிப்பக்கம் குழிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேரோடு விழுந்தால், பல் தன் காலம் முடிந்து விழவில்லை; அதைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

அவளுடைய உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் அதற்கு முன்பே தடித்துச் சொரசொரப்பாகியிருந்தன. தோல் மருத்துவர் வறட்சி என்று களிம்பு கொடுத்தார். பல் மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார். தோல் மருத்துவரிடம் நான் வாயைக் காட்டவில்லை. பல் மருத்துவரிடம் காலைக் காட்டவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு குழந்தை இருந்தால், வாயையும் பாதத்தையும் ஒரே மருத்துவரிடம் ஒரே நாளில் காட்டுங்கள். என்னால் சொல்ல முடிந்த பயனுள்ள வார்த்தை அநேகமாக அது ஒன்றுதான்.

மேலும் நான்கு பற்கள் விழுந்த பிறகு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே ஈறு நோய்ப் பிரிவின் பேராசிரியை வைஷ்ணவியின் வாயைப் பார்த்துவிட்டு, கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மலையாளத்தில், "சாக்ஸைக் கழற்றுங்கள்" என்றார்.

"நாங்க பல்லுக்குத்தான் டாக்டர் வந்தது" என்றார் என் கணவர்.

"தெரியும். கழற்றுங்கள்."

குதிகாலின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். மேற்படிப்பு மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார்.

"சொந்த மாமா மக. சின்ன வயசுலயே எனக்குன்னு சொல்லி வெச்சது" என்று என் கணவர் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை அவர் சந்தேகித்ததை உறுதி செய்தது. மிக அபூர்வமான பரம்பரை நோய். உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பும், பெரியோடான்டைட்டிஸும் (பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் ஈறு நோய்) சேர்ந்து வருவது. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராட ஒரு நொதி (உடல் தானே செய்துகொள்ளும் பொருள்) வேண்டும். அதற்கான மரபணுவில் ஒரு பிழை என்னிடம் பாதி இருந்தது. என் கணவரிடம் பாதி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு கேடும் இல்லை. இரண்டு பாதியும் அவளிடம் சேர்ந்துவிட்டன.

பால்பற்கள் அத்தனையும் போகும், பிறகு முளைக்கும் பற்களும் பெரும்பாலும் பதினைந்து வயதுக்குள் போய்விடும் என்றார் பேராசிரியை. வைஷ்ணவி அந்த அறையில்தான் இருந்தாள். சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அத்தை கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே."

"உங்க வம்சம்தானே அத்தை என் வம்சமும்?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் வம்சப் பேச்சு வரவில்லை. இரண்டாவது குழந்தை பற்றிய பேச்சும் வரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. மிச்சமிருக்கும் பால்பற்களை மொத்தமாக எடுத்துவிட்டு, மருந்து கொடுத்து வாயைக் கிருமியில்லாமல் வைத்திருந்தால், புதிதாக முளைக்கும் பற்கள் சுத்தமான வாயில் வந்து சேரும்; அவற்றில் சில தங்கக்கூடும். "கூடும்" என்ற சொல்லைப் பேராசிரியை அழுத்திச் சொன்னார். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வயதில் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். அதன் பின்வந்த ஒன்றரை வருடம்தான் நாங்கள் நிம்மதியாக இருந்த காலம். பல் இல்லாத வாயில் நோய்க்கு வேலை இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக, கைக்குழந்தையின் ஈறு போல இருந்தது. வாடை போனது. தயிர்ச் சாதம், குழைந்த இட்லி, ஏத்தம்பழம் என்று நன்றாகவே சாப்பிட்டாள். பள்ளியில் ஒருவன் "அம்மூம்மே" என்று கிழவியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டதற்கு, "நமஸ்காரம் பண்ணு, ஆசீர்வாதம் பண்றேன்" என்றாளாம். அவள் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன்.

முதல் கடைவாய்ப்பற்கள் முளைத்தன. முன்பற்கள் முளைத்தன. ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் தேய்த்தேன். குளோர்ஹெக்சிடினில் (கிருமியைக் குறைக்கும் கொப்பளிப்பு மருந்து) கொப்பளிக்க வைத்தேன். ஒரு முறையும் தவறவில்லை. எட்டு வயதில் எடுத்த எக்ஸ்ரேயில், கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். வேதியியல் படித்தவள் என்ற தைரியம். கரைந்த எலும்பை மீண்டும் வளர்க்கலாம் என்று உலகம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் எலும்புத் தூளை நிரப்புவது. ஈறு முந்திக்கொண்டு வளர்ந்துவிடாமல் மெல்லிய சவ்வு ஒன்றால் மறைத்து எலும்புக்கு நேரம் கொடுப்பது. ஸ்டெம் செல்லை (எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய மூல உயிரணு) வைப்பது. எல்லாவற்றிலும் முன், பின் என்று இரண்டு படங்கள் இருக்கும். பின் படத்தில் பள்ளம் வெள்ளையாக நிறைந்திருக்கும். அந்தப் படங்களை நான் சாமி படம் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியையின் பிரிவிலும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. வைஷ்ணவியைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். ஆய்வில் இருப்பவர்கள் பெரியவர்கள். ஏற்கனவே நோய் அடங்கியவர்கள். "சங்குமுகம் கடற்கரையில் வருடா வருடம் கரைக்குக் கல் போடுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? கல்லில் குறை இல்லை. கடல் நிற்பதில்லை. மோளுடைய உடம்பில் கடல் நிற்காது."

நான் விடவில்லை. போகும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில், ஆய்வுக்கு வெளியே, அந்த ஒரு பல்லுக்கு மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார். நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். எந்தத் தூளை நிரப்புவது என்ற கேள்வி வந்தது. ஒன்று மாட்டின் எலும்பிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. மற்றொன்று ஆலையில் ரசாயனமாகச் செய்தது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள்.

"டாக்டர், வெஜிட்டேரியன்ல வருமா?" என்றார் என் கணவர்.

பேராசிரியை அன்றுதான் முதல் முறையாக எங்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். "ஹோட்டலில் கேட்பதுபோலக் கேட்கிறீர்களே! இருக்கிறது."

நான் உடனே இரண்டாவது தூளைச் சொன்னேன். வீட்டில் அத்தை இருக்கிறார், பூசை இருக்கிறது என்று மனசுக்குள் ஓடியது. யாரையும் கேட்கவில்லை. இந்தக் குழந்தைக்கு எது வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று பேராசிரியை சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

தூள் வைத்து ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தோம். பேராசிரியை விடுப்பில் இருந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புப் பள்ளம் இருந்த இடம் வெள்ளையாக நிறைந்திருந்தது. கட்டுரைகளில் பார்த்த அதே வெள்ளை. அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தேன்.

"அத்தான், எலும்பு வளந்துட்டு."

மறுமுனையில் மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சத்தியமா?" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அத்தை ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டார். தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் மகளின் இருபது வயது முகத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அந்த முகம் எப்போதும் சிரித்தது.

பேராசிரியை திரும்பி வந்ததும் படத்தைப் பார்த்தார். ப்ரோபை (அளவுக் கோடுகள் உள்ள மெல்லிய உலோகக் குச்சி) எடுத்து ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கினார். முன்பு எவ்வளவு ஆழம் போனதோ, அவ்வளவும் போனது. இரத்தம் வந்தது.

"வெள்ளையாகத் தெரிவது நாங்கள் வைத்த தூள்" என்றார். "அது எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும். எலும்பு இல்லை."

நான் படித்த கட்டுரைகளில் இந்த எச்சரிக்கை இருந்திருக்கும். நான் படங்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மற்றத் தூளை வைத்திருந்தால் என்று கேட்டேன். "இல்லை. அதுவும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார். தயங்காமல் சொன்னார். இன்றுவரை என்னால் அதை முழுசாக நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னேன். தூள் கதையையும் சொன்னேன். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? பிள்ளைக்குப் பல்லு நிக்கும்னா, மாடாவது ஆடாவது, நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"எதை வெச்சாலும் நின்னிருக்காதாம் அத்தை."

"அது வேற. எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

அந்த ஆண்டு அத்தை பொங்கல் போட்டார். எதற்கு இனிமேல் என்று என் கணவர் கேட்டபோது, "நேந்தாச்சு. பல்லுக்கு இல்லேன்னா பிள்ளைக்கு" என்றார்.

அந்தப் பல் சில மாதங்களில் போனது. வைத்த தூளில் கொஞ்சம் மணல் போல அதனோடு வந்தது. பிறகு முன்பற்கள் இரண்டு. இப்போது வைஷ்ணவிக்குப் பத்து வயது. கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருக்கிறாள். பள்ளி வேனில் அதைக் கழற்றிக் காட்டிச் சின்னப் பிள்ளைகளை அலற வைக்கிறாள் என்று புகார் வந்தது. கேட்டால், "உன் பல்ல கழட்டிக் கழுவ முடியுமா? என்னால முடியும்" என்கிறாள்.

இப்போது சிகிச்சையின் நோக்கமே மாறிவிட்டது. பல்லைக் காப்பாற்றுவதில்லை, எலும்பைக் காப்பாற்றுகிறார்கள். ஒரு பல்லைச் சுற்றி நோய் தொடங்கியதும், அது ஆடும்வரை காத்திராமல் எடுத்துவிடுகிறார்கள். காத்திருந்தால் அந்தப் பல் தன்னோடு எலும்பையும் கொண்டுபோய்விடும். எலும்பு மிஞ்சினால், வளர்ச்சி நின்ற பிறகு, பதினெட்டு வயதுக்கு மேல், அதில் செயற்கைப் பல்லை ஊன்றலாம். அதுவும் "கூடும்" தான். இந்த முறை அந்தச் சொல் எனக்குக் கேட்டது. வலியில்லாத, ஆடாத, பார்வைக்கு அழகான பல்லை எடுக்க நான் கையெழுத்துப் போடுகிறேன். எலும்பை வளர்க்கும் ஆராய்ச்சிகளை இப்போதும் படிக்கிறேன். படங்களைப் பார்ப்பதில்லை.

என் பற்கள் முப்பத்திரண்டும் உறுதியாக இருக்கின்றன. முன்பு அவை இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது கடினமாக எதையாவது கடிக்கும்போது அவற்றின் வேர்வரை உணர்கிறேன். மற்ற வீடுகளில் குழந்தை வளர்கிறது. எங்கள் வீட்டில் ஒரே உடம்பில் காலம் இரு பக்கமும் ஓடுகிறது. அவள் உயரம் கூடுகிறது, சட்டை சின்னதாகிறது, வாய் மட்டும் கிழவியாகிக்கொண்டு வருகிறது.

போன வாரம் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, புதுசு ஒண்ணு! தொட்டுப் பாரு."

என் விரலைப் பிடித்துத் தன் வாய்க்குள் வைத்தாள். கீழ்வரிசையில், ஓரத்தில், கோரைப்பல்லின் முனை ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. கூர்மையாக, ஈரமாக, உப்புக்கல் அளவுக்கு இருந்தது. நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் என் விரலை வெளியே இழுத்துவிட்டாள்.

"ஆட்டிப் பாக்காதம்மா. இப்பதானே வந்திருக்கு."