மொழிபெயர்ப்பாளரின் மனைவி மிளகாய் வறுத்தபோது

இன்று காலை, இணையவழிக் கூட்டமொன்றின் நடுவே எனக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல் அல்ல. செத்தல் மிளகாய் வறுக்கும் வீட்டில் வரும் இருமல்!

நான் வேலை பார்த்த நிறுவனம் தன் திட்டத்தை முடித்துக்கொண்டு கிளிநொச்சியை விட்டுப் போனபின், முரசுமோட்டையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கிறேன். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். நான் தமிழில் சொல்வேன். இங்குள்ளவர்கள் தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வேன். எனக்கு வேலை தருவது ஒரேயொரு முகவர் நிலையம்தான். அங்கே ஒரு முறைப்பாடு போனால் போதும், கதை முடிந்தது.

என் மனைவி வதனி கறித்தூள் செய்து விற்கிறார். எனக்கு முன்பே சுயதொழிலுக்கு வந்தவர். (அந்த வகையில் வீட்டில் நான்தான் புதிய ஊழியர்.)

எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு. அறைச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். அதன் மேலால் என் குரல் குசினிக்குப் போகும். குசினிப் புகை என்னிடம் வரும். ஆகவே ஓர் உடன்படிக்கை செய்திருக்கிறோம்: எனக்குக் கூட்டம் நடக்கும்போது அவர் வறுப்பதில்லை.

இன்றைய கூட்டம் ஒன்பது மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். பொருள்: வன்னிப் பெண்களும் சுயதொழிலும். பல ஊர்களிலிருந்தும் பெண்கள் நேரத்துக்கு வந்து திரையில் காத்திருந்தார்கள். பேச வேண்டிய அதிகாரி வரவில்லை.

வதனி கதவடியில் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, முடிஞ்சுதோ?"

"இன்னும் தொடங்கேல்லை. அந்தாள் வரேல்லை."

"ஏன், அவற்ற வீட்டிலயும் ஆரும் மிளகாய் வறுக்கினமோ?"

சிரித்தேன். ஆனால் அவருக்கு அது சிரிப்பில்லை. நாளை கனடாவுக்குப் பயணமாகும் ஓர் அம்மாவுக்கான தூள் அது. வறுத்து, ஆறவிட்டு, மத்தியானம் மில் பூட்டுவதற்குள் கொண்டுபோய் அரைக்க வேண்டும்.

அதிகாரி பத்து மணிக்குப் பின்னர் வந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. நேரே பேசத் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பில் ஒரு விதி உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். வதனிக்குக் கேட்பது என் குரல் மட்டும்தான். அதிகாரியின் குரல் என் காதுக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆகவே இன்று குசினிக்குக் கேட்டது இதுதான்:

"இங்குள்ள பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். நேரத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியாது. யாராவது வந்து தருவார்கள் என்று காத்திருந்து பழகிவிட்டார்கள். இதை நான் வருத்தத்துடன் சொல்கிறேன்."

என் வாயால், என் தமிழில், என் வீட்டில் நின்று சொன்னேன்.

குசினியில் மல்லி புடைத்துக்கொண்டிருந்த சுளகின் சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் தாச்சியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு புகை. பிறகு இருமல்.

திரையிலிருந்த நெடுங்கேணிப் பெண்ணொருவர் சொன்னார்: "ஐயா, அங்க ஆரோ மிளகாய் வறுக்கினம் போல! பாத்து, கருக விடாதேங்கோ!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிக்கு அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். (விதி!)

அவர் கேட்டார்: "மொழிபெயர்ப்பாளர் என்ன, சந்தையில் இருந்தா வேலை செய்கிறார்?"

என்னைப் பற்றிய கேள்வி என்பதால் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்:

"மொழிபெயர்ப்பாளர் தமது வீட்டில் இருக்கிறார். வறுத்துக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி. அவர் ஒரு தொழில் முனைவோர். கூட்டம் ஒன்பது மணிக்கு என்பதை நம்பி, இவ்வளவு நேரமும் அடுப்பை மூட்டாமல் காத்திருந்தார். தாங்கள் பத்து மணிக்குப் பின்னர் வந்தீர்கள். நேரத்தின் பெறுமதி பற்றித் தாங்கள் கூறியவற்றை மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் குறையாமல் பெண்களிடம் சேர்த்திருக்கிறார்."

பின்னர் அதையே தமிழிலும் சொன்னேன்.

யாரோ மைக்கை மூட மறந்து கைதட்டினார். (மறந்துதான் என்று நான் நம்பவில்லை!)

அதிகாரி அடுத்த விடயத்துக்குப் போனார். கூட்டம் முடிந்த கையோடு முகவர் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஐயா, நீங்கள் சொன்னதில ஒரு பிழையும் இல்லை. ஆனா முறைப்பாடு வந்திட்டுது. இனி உங்களைப் போட வேண்டாமாம்."

"விளங்குது பிள்ளை. உம்மில எனக்குக் கோவமில்லை."

கோபம் இருந்தது. அதை வைக்க வேண்டிய இடம் அந்தப் பிள்ளை அல்ல.

வறுத்த சரக்கை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். பூட்டுவதற்குள் அரைத்தாயிற்று. கனடா அம்மாவின் மகனும் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வதனி கேட்டார்.

"வேலை போயிட்டுதோ?"

"ஓம்."

"என்னாலயோ?"

"இல்லை. நீர் வறுத்ததாலை இல்லை. நான் கதைச்சதாலை."

"நேரத்தின்ர பெறுமதி தெரியாதெண்டு உங்கட வாயால கேக்க எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. அது அந்தாளின்ர கதையெண்டு தெரியும். எண்டாலும், உங்கட குரலெல்லே."

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்து என் எதிரே இருந்தார்.

"பிறகு என்னைப் பற்றித் தமிழில சொன்னதும் கேட்டது. தொழில் முனைவோர் எண்டு. அதை அந்தாளுக்கு இங்கிலீசில என்னெண்டு சொன்னனீங்கள்?"

"ஒன்ட்ரபிரனர்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

பிறகு, அவர் கேட்காமலே, இன்னுமொரு முறையும் சொன்னேன்.