அழகம்மாவின் கறுப்புத் திரை

அழகம்மா மவுசைத் தொடுவதில்லை. மேசை ஓரத்துக்குத் தள்ளி, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு வைத்திருக்கிறார். "அதப் புடிச்சி இழுத்துக்கிட்டுத் திரிய நமக்குப் பொறுமை இல்லைங்க."

பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவர். ஹட்டனில், தோட்டக் கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டெழுத்தாளர். கணினி வந்தபோது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை மட்டுமே அவருக்குப் பிடித்தது. கோப்புகளையும் அதில் ஒரு வரி அடித்தே இறக்குவார். மழைக்கு இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அடித்த வரியை, குறிகள் உட்பட, வாய்விட்டு வாசித்த பிறகே பொத்தானை அழுத்துவார்.

2005 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை. மண்சரிவில் லயம் இழந்த இருபத்தேழு குடும்பங்களுக்குப் புது வீடு. பட்டியலை மாலை நான்கு மணிக்கு ஒட்ட வேண்டும். புதிதாக வந்த கணினியிலோ தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாக விழுந்தன. ஆங்கிலத்தில் போட்டுவிடலாம் என்றார் மேலாளர்.

"வேணாங்க. அவங்க பேர அவங்களே வாசிக்கட்டும்."

தமிழ் எழுத்துருக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கலாம். ஆனால் எந்தக் கோப்பும் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் ப்ராக்ஸி கணினியைத் தாண்டித்தான் வர வேண்டும். வாசலில் நிற்கும் காவல்காரரைப் போல என்று அழகம்மா அதற்கு வைத்த பெயர் 'கொழும்பு வாட்ச்சர்'. அன்று, காலையில் வந்த புதுப் பாஸ்வேர்டையும் வாட்ச்சரின் பெயரையும் சேர்த்துக் கட்டளையை அடித்தபோது, அப்படியொரு கணினியே இல்லை என்றது திரை. மூன்று முறையும் அதே பதில். மேலாளர் மவுசால் முயன்றார். இறக்கம் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மணி இரண்டு. வாசலில் குடையும் கம்பளியுமாக ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

அழகம்மா மேலாளரின் கைத்தொலைபேசியை வாங்கி, கொழும்பில் ப்ராக்ஸியைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்து ஜெயதீபனை அழைத்தார்.

"இஞ்ச எல்லாம் சரி அக்கா. காலமை பாஸ்வேர்ட் மட்டும் மாத்தினனாங்கள். உங்கட பக்கம்தான் ஏதோ பிழை."

"சரிங்க தம்பி, போன வைக்காதீங்க. நான் வாசிக்கிறேன்."

அடித்த வரியை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டே போனவர் நடுவில் நின்றார்.

"தம்பி, புதுப் பாஸ்வேர்டுக்குள்ள ஈமெயில்ல வர்ற அட் குறி ஒன்னு இருக்குங்களே. பாஸ்வேர்டு முடிஞ்சதும் ஒரு அட் குறி போட்டுத்தானே வாட்ச்சர் பேர எழுதுறோம். மொதக் குறியோடயே பாஸ்வேர்டு முடிஞ்சிருச்சின்னு இது நெனச்சிக்கிருச்சுங்க. மிச்சத்தையும் சேத்து வாட்ச்சர் பேருன்னு தேடுது."

மற்றவர்கள் பாஸ்வேர்டைத் தனிப் பெட்டியில் அடிப்பதால் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

"ஓம் அக்கா, அதுதான் பிழை" என்றார் ஜெயதீபன். "பாஸ்வேர்டில வாற அந்தக் குறிக்குப் பதிலா நூற்றுவீதக் குறி போட்டு நாப்பது எண்டு அடியுங்கோ. அட் குறிய அப்பிடி மாத்தி எழுதினா அது குழம்பாது."

அடித்தார், வாசித்தார், அழுத்தினார். கோப்பு இறங்கத் தொடங்கியது. இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. இரண்டு தடவையும் அதே வரியை மறுபடி ஓட்டி, விட்ட இடத்திலிருந்து இழுத்தார். "மெதுவா வா, ஒன்னும் அவசரமில்ல" என்று திரையிடம் சொன்னார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பட்டியல் அச்சாகி வந்தது, இருபத்தேழு பெயர்களும் தமிழில். மேலாளர் கை நீட்டினார். அழகம்மா கொடுக்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். அச்சு நாடா தேய்ந்து, வீரய்யாவின் 'ய்' மீது புள்ளி விழவில்லை. பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை வைத்தார். மை காயும்வரை ஊதினார். பிறகுதான் தாளை நீட்டினார்.