எலிகள் நடந்த வரப்பு

கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் நெல்வயலையும் என் கணவருடைய பங்காளியின் கரும்புக் கொல்லையையும் ஒரு வரப்புதான் பிரித்தது. அது நிறைய காரைமுள்ளும் கோரையும் மண்டிக் கிடந்தன. எழுபதுகளின் தொடக்கம். பங்காளி கரும்பு வெட்டியதும் அதிலிருந்த எலிகளெல்லாம் அந்தப் புதருக்கடியிலேயே நடந்து எங்கள் வயலில் இறங்கின. மற்ற மூன்று பக்கமும் மொட்டை வரப்பு. வெட்டவெளியில் ஓடினால் பருந்து தூக்கிவிடும் என்று எலிக்குத் தெரியும்.

பால் பிடித்த கதிரெல்லாம் துண்டு துண்டாய்க் கிடந்தது. என் கணவர் கத்தியோடு புதரை வெட்டப் போனார். பங்காளி ஓடி வந்தார்.

"அது என் வரப்புடா. மாடு உள்ள பூராம இருக்க நான் வுட்ட முள்ளு. கைய வெச்சே, கை இருக்காது!"

சொன்னதோடு நிற்கவில்லை. கரும்பு வெட்ட வந்த ஆட்கள் பார்க்க இவரைச் சேற்றில் பிடித்துத் தள்ளினார். வீட்டுக்கு வந்து இவர் கால் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த பட்டத்தில் பங்காளி நெல் வைத்தார். நான் இவரை நச்சரித்துக் கரும்பு போட வைத்தேன். அவர் கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து எங்கள் கரும்பை வெட்டச் சொன்னேன். எலிகள் அதே புதர்வழியே அந்தப் பக்கம் போயின.

அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். "இன்னாடி இது, வயலே மொட்டையாப் பூடுச்சி! உங்க பக்கத்துப் புதரையாவது வெட்டக் கூடாதா?"

"அது உங்க வூட்டு வரப்பாச்சேக்கா. கைய வெச்சா எங்களுக்குக் கை இருக்காதே?"

அவள் முகம் செத்துப்போனது. அந்த முகத்துக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

அவர் அறுவடை முடிந்ததும் எலிகள் திரும்பின. வெட்டிய கட்டையில் துளிர்த்திருந்த எங்கள் மறுதாம்புக் கரும்பின் அடியைக் கடித்துச் சாய்த்தன. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போதும் எனக்கு வருத்தமில்லை.

கடைசியில் உச்சி வெயிலில் பங்காளியே புதரை வெட்டக் கத்தி எடுத்தார். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம். குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் நிறைந்த செம்பு என் இடுப்பில்தான் இருந்தது.

"காலியாப் பூடுச்சி மாமா" என்றேன்.