செண்பகத்தோப்பில் என் ஒரே மாணவர்

மாலத்தீவுக்கு வாத்தியாராகப் போக நானும் நண்பனும் பயிற்சி எடுத்த நாட்களில், எங்களுக்குக் கிடைத்த ஒரே மாணவர் செண்பகத்தோப்பு வனக்காவலர் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நண்பகலிலும் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். மலையிலிருந்து மேகம் இறங்கிவரும். நண்பன் ஓடைப் பாறையில் சாக்பீஸால் தீவுகள் வரைவான். நான் இங்கிலீஷில் கடலைப் பற்றிப் பேசுவேன். அவர் கண்ணை அரைவாசி மூடி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவார்.

"புரியுதா அண்ணாச்சி?"

"கேக்க மழை பெய்யுத மாதிரி இருக்கு தம்பி. இன்னும் செத்த நேரம் பேசுங்க."

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த மூவரும் அசையவே இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நண்பன் தேறி விமானம் ஏறினான். இன்றும் நாலு பேர் முன்னால் பேச எழுந்தால், என் கண் அந்த வனக்காவலரைத்தான் தேடுகிறது.

தேர்வில் தோற்று ஊர் திரும்பிய அன்று, வனக்காவலரின் தலையாட்டலை நம்பிக் கெட்டதை இராஜபாளையம் டீக்கடை பாயிடம் சொல்லிப் புலம்பினேன்.

"அவரா? காத்துல மரம் ஆடுனாலும் பதிலுக்குத் தலையாட்டுவாரே," என்றார்.