நாளைக்குச் சொல்றேன் அண்ணாச்சி

இன்னைக்கு எங்க பிரஸ்ஸுக்கு ஏஜென்ட் அண்ணாச்சி பெரிய காலண்டர் ஆர்டரோட வந்தாக.

முன்னெல்லாம் எங்க வீட்டுக்காரர் சீசன்ல தூங்காம, வர்ற ஆர்டருக்கெல்லாம் தலையாட்டுவாக. அப்புறம் மாசக்கணக்கா படுத்த படுக்கை. வயித்து டாக்டர், நரம்பு டாக்டர்னு அலைஞ்சோம்.

போன வருசம் மதுரையில ஒரு மனநல டாக்டர்தான், "சந்தோஷமா இருக்கையில எவ்வளவு நேரம் தூங்குவீங்க?"ன்னு கேட்டாக. அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்கல! மனசு ஏறி இறங்குற நோயாம். மாத்திரையோட ஒரு கண்டிஷன்: பெரிய ஆர்டருக்கு அன்னைக்கே சரின்னு சொல்லக்கூடாது.

இன்னைக்கு இவுக, "தூங்கி எந்திரிச்சு நாளைக்குச் சொல்றேன் அண்ணாச்சி"ன்னாக.

ஏஜென்ட் பதறிட்டாக. "ஏன், உடம்புக்கு முடியலையா?"

"இப்பத்தான் நல்லாருக்கேன்."

சாப்பிட்டதும் படுத்துட்டாக. குறட்டையில எனக்கு சீரியல் வசனமே கேட்கல. அதுக்கு நல்ல டாக்டர் இருந்தா சொல்லுங்க. கூட்டிட்டுப் போகமாட்டேன், சும்மா தெரிஞ்சு வச்சுக்கிறேன்.