பம்பாய் விமானமும் கூரைப்புடவையும்

மீனம்பாக்கத்தில் பம்பாய் விமானம் இன்னும் கிளம்பவில்லை. வெயிலில் நிற்கும் அந்தப் பழைய விமானத்தின் விசிறிப் பக்கம் ஏணி போட்டு ஒருவர் எதையோ முறுக்குகிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விடிந்தால் பம்பாயில் தங்கைக்கு முகூர்த்தம். எல்லோரும் முன்னாலேயே ரயிலில் போய்விட்டார்கள். காஞ்சிபுரத்தில் இன்று காலைதான் தறியை விட்டு இறங்கிய கூரைப்புடவை என் மடியில் இருக்கிறது. அதைக் கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

நான் நெளிவதை, அதே விமானத்துக்காகப் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் வாலாஜாபாத்துக்கார அம்மா பார்த்துவிடுகிறார்.

“எம்மாம் நேரம் அடக்கிக்கினு இருப்ப? போய்ட்டு வாம்மா. இந்தப் பிளேன் உன்னை வுட்டுட்டு ஓடாது.”

“இதைக் கொஞ்சம் வச்சிக்கிறீங்களா? தங்கச்சி கூரைப்புடவை.”

“கூரைப்புடவையா? நான் தாலி அறுத்தவம்மா. தொடக் கூடாது.”

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் நான். இதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நான் திரும்பி வருகையில் அவர், மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டாமல், இரண்டு கைகளாலும் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கையை நீட்டுகிறேன்.

“பிளேனுக்குக் கூப்பிடுற வரைக்கும் நானே வச்சிக்கினு இருக்கட்டுமா?”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.